ஜப்பான்காரர் ஆற்றில் போட்ட காகிதம்

காலையில் என் போனுக்கு வரும் செய்திகளில் பாதி சம்பந்தி அனுப்புபவை. என் மருமகளின் அப்பா. எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். நேரில் பார்த்தால் “சாப்டாச்சுங்களா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போனில் மட்டும் பெரிய தத்துவவாதி. ஒரு ரோஜாப்பூ, ஒரு காபி டம்ளர், கூடவே ஒரு நீதிக்கதை. படிக்காவிட்டாலும் கும்பிடும் கை ஒன்றை அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் மருமகள் வந்து, “அப்பா மெசேஜ் பாக்கலையா அத்தை?” என்று கேட்பாள்.

போன செவ்வாய்க்கிழமை வந்த கதை ஒரு ஜப்பான் பிரதமரைப் பற்றியது. போருக்குப் பிறகு அந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர். ஏழைக் குடும்பம். இளம் வயதில் ஒரு சின்ன ஊர் தபால் ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைக்கிறது. வேலையில் சேர ரயிலில் போகிறார். ரயில் ஆற்றுப் பாலத்தில் நிற்கிறது. சட்டைப் பையிலிருந்து வேலை ஆர்டரை எடுத்து ஆற்றில் போட்டுவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடுகிறார். பிற்காலத்தில் பிரதமர். அதற்குக் கீழே ‘மேலும் படிக்க’ என்று நீல எழுத்து. நான் அதைத் தொடவில்லை. மிச்சக் கதை எனக்குத் தெரியும். சொல்லப்போனால் இந்த உலகத்தில் முதலில் தெரிந்தவளே நான்தான், ஏனென்றால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அதை உண்டாக்கியவள் நான்.

பக்கத்தில் மருமகள் நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வேறு சேர்ந்துகொண்டது. நோட்ஸை நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் ஸ்டென்சிலில் தப்பாக அடித்த எழுத்தை மறைக்க ஒரு சிவப்புத் திரவம் பூசுவோம், ஞாபகம் இருக்கிறதா? அச்சாக இதே வாசனைதான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்த எங்கள் டூட்டோரியல் முழுக்க அந்த வாசனை அடிக்கும். கீழே யாராவது அண்டா வாங்கினால் தட்டிப் பார்க்கும் சத்தம் வகுப்பில் கேட்கும். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கவர்மெண்ட் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு உலக வரலாறு எடுக்கும் மேடம். என்னைவிட மூத்தவர்கள் பாதிப் பேர், பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் முடித்துக் கையில் கிரீஸோடு சைக்கிளில் வருகிறவர்கள் உட்பட, என்னை மேடம் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே வேலையை விட மனம் வராது.

விட முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. லால்குடி. அங்கே என் அத்தைக்கு ஒரு மகன், அவருக்குக் கொஞ்சம் வயல். நான் பிறந்த அன்றைக்கே பேசி முடித்த விஷயம் என்று அத்தை சொல்வார். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில். அத்தை லால்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாலே நான் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். அப்பா ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். “நீ வேலைக்குப் போற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். வேலை இல்லேன்னு வந்து நின்னா, அடுத்த முகூர்த்தம் லால்குடிதான்.” அவரைப் பொறுத்தவரை அது பெரிய சலுகை. ஆகவே மாடிப்படி ஏறும்போது நான் ஆசிரியை, இறங்கும்போது ஜாமீனில் வந்தவள்.

உள்ளேயும் ஒரு சிறைதான். ஐந்து மணி வகுப்பு தொடங்கியதும் பிரின்சிபால் வராந்தாவின் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டுவார். மாணவர்கள் நடுவில் நழுவாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் பூட்டுக்கு மாணவர் யார், ஆசிரியர் யார் என்று தெரியாதே. மணி அடிக்கிறவரை எல்லோரும் உள்ளேதான்.

அப்படி ஒரு நாள் என் கையில் அரைப்பக்கம் கொடுத்து உள்ளே தள்ளினார். ‘போருக்குப் பிந்தைய ஒரு ஜப்பான் பிரதமரின் பணியும் தாக்கமும்.’ பத்து மார்க் கேள்வி. அந்த மனிதரின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். அவர் பெயரில் ஒரு தடவை பொய் சொன்னது போதும். அரைப்பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: எளிய குடும்பம், கட்சிக்குள் படிப்படியாக ஏறினார், மந்திரியானார், பிரதமரானார், ரோடும் ரயிலும் தொழிற்சாலையுமாக நாடு மாறியது, பதவியை விட்டு இறங்கிய பிறகும் அவர் செல்வாக்கு குறையவில்லை. கடைசி வரியை விளக்க, கல்யாண வீட்டு உதாரணம் சொன்னேன். பொறுப்பையெல்லாம் தம்பியிடம் கொடுத்துவிட்டேன் என்று பெரியப்பா மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் பாயசத்துக்குச் சர்க்கரையா வெல்லமா என்று சமையல்காரர் அவர் முகத்தைத்தான் பார்ப்பார். சிரித்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.

இன்னும் நாற்பது நிமிடம். நாற்பது முகம். பூட்டிய கதவு. அன்றைக்கு வரும்போது ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுபோயிருந்தது. பழைய சாமி படங்களை ஒருவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டுக்கொண்டிருந்தார். கிழிந்த படத்தைக் குப்பையில் போடக் கூடாது என்று நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான். அந்தக் கை மட்டும் என் கண்ணில் நின்றது. வாயைத் திறந்தேன், ஜப்பானில் ரயில் பாலத்தில் நின்றது, ஆர்டர் ஆற்றில் விழுந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கீழே அண்டா தட்டுவதுகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்காரும் அன்வர் கையைத் தூக்கினார். இருபத்தேழு வயது, பாலக்கரைக்காரர், வகுப்பில் மற்றவர்களைவிட அதிகமாகப் படிக்கிறவர். “எந்த ஆறு மேடம்?”

எனக்கு ஜப்பானில் ஒரு ஆற்றின் பெயரும் தெரியாது. “சின்ன ஆறுதாங்க. மேப்ல இருக்காது” என்றேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிரின்சிபால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்ததும் முகமெல்லாம் பல்லாக வந்து, “அந்த ஆத்துல போடற சீனை அப்படியே நோட்ஸ்ல சேர்த்திடுங்க மேடம்” என்றார். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானே ஸ்டென்சில் வெட்டினேன். நானே மை தடவி உருளையைச் சுற்றினேன். ஒரு வாரத்தில் அது அச்சு. அச்சில் வந்துவிட்டால் நம் ஊரில் அது உண்மை. அப்புறம் ஒவ்வொரு பேட்சும் ‘ஜப்பான் கிளாஸ்’ எப்போது என்று கேட்கத் தொடங்கியது. நானும் வெட்கமில்லாமல் கூட்டிக்கொண்டே போனேன். இரண்டாவது பேட்சில் பிரதமரின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மூன்றாவது பேட்சில் பனி பெய்தது.

அந்த மூன்றாவது பேட்ச் நடக்கும்போது, இன்னும் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த அன்வருக்கு ஆர்டர் வந்தது. குரூப் ஃபோர், ஜூனியர் அசிஸ்டென்ட், லால்குடி தாலுகா ஆபீஸ். வரும் திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். பெஞ்சுக்கு பெஞ்சு கைகுலுக்கினார்கள், பிரின்சிபால் போர்டில் பெயர் எழுதினார். அன்வர் மட்டும் என் மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். “நான் சேரப் போறதில்லை மேடம். உள்ள போனா ரிட்டயர் ஆகித்தான் வெளிய வர முடியும். குரூப் ஒன் எழுதி பெருசா வரேன், இல்லேன்னா வேண்டாம். உங்க ஜப்பான்காரர் மாதிரி.”

“வீட்ல என்ன சொல்றாங்க?” என்று கேட்டேன்.

“அத்தா வேண்டாம்னு சொல்லல. அவருக்குக் கண்ணு மங்கிட்டே வருது, மேடம். டெய்லரு. ஊசில நூல் கோக்க பக்கத்து வீட்டுப் புள்ளையைக் கூப்பிடறாரு. நான் சேந்துட்டா மிஷினை மூடிடலாம்னு இருந்தாரு. அந்தக் கதையை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். உங்க நோட்ஸை. கேட்டுட்டு, ‘பெரிய மனுசன் செஞ்சா சரியாத்தான் இருக்கும்’னாரு.”

‘அது நான் கட்டின கதை.’ நான்கே வார்த்தைகள். அன்று முழுக்க அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். போன மாதம்தான் பொருளாதாரம் எடுத்தவரை நோட்ஸில் ஒரு தப்பான விடைக்காகப் பிரின்சிபால் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். என்னுடையது விடைகூட இல்லை, முழுப் பொய். வேலை போகும். வேலை போனால் லால்குடி. அன்வர் லால்குடிக்குப் போகாமல் இருக்க என் பொய் வேண்டும், நான் லால்குடிக்குப் போகாமல் இருக்கவும் அதே பொய் வேண்டும். இந்தக் கணக்கு என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் இருந்த பெரிய கொடுமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவரும் ஏறினார். மாம்பழச்சாலையில் இறங்கும்போது என் பின்னாலேயே இறங்கி, “ஒரு நிமிஷம் வரீங்களா மேடம்? நீங்க பாக்கணும்” என்று காவிரிப் பாலத்துப் பக்கம் நடந்தார். போனேன். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பாதிப் பேர் அந்தப் பாலத்தில் போகிறவர்கள். ஒரு ஆணோடு நான் நிற்பதைப் பார்த்தால் ராத்திரிக்குள் அப்பா காதுக்குப் போய்விடும். ஆகவே நான்கு அடி தள்ளி, பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு நின்றேன். என் பயத்தைப் பாருங்கள், ஒருவர் தன் வாழ்க்கையைத் தூக்கிப் போட வந்திருக்கிறார், நான் என் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவலைப்படுகிறேன்.

அவர் உறையிலிருந்து ஆர்டரை எடுத்து, நான்காக மடித்து, கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டிக் கையை விரித்தார்.

சித்திரை மாதம். காவிரியில் தண்ணீர் எங்கே இருக்கும்? காகிதம் சுற்றிச் சுற்றி இறங்கி மணலில் உட்கார்ந்தது. அதற்குப் பத்தடி தூரத்தில் யாரோ வேட்டி காயப் போட்டிருந்தார்கள். வெள்ளையாக, பளிச்சென்று, மேலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஜப்பான்ல தண்ணி இருந்திருக்கும், மேடம்” என்று சொல்லி அவர் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. வேறு ஒன்றும் வேண்டாம், ‘இறங்கிப் போய் எடுத்துக்கங்க அன்வர்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும், பொய்யை ஒப்புக்கொள்ளக்கூட வேண்டியதில்லை. படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில், அம்மா மண்டபத்துப் பள்ளத்தில் தேங்கியிருக்கும் தண்ணீரில் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மணலில் நடந்தே பாலத்தடிக்குப் போனேன். காகிதம் அங்கேயே இருந்தது. மணல் ஈரத்தில் கொஞ்சம் நமுத்திருந்தது. எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். பெயர், தகப்பனார் பெயர், பாலக்கரை விலாசம், சேர வேண்டிய கடைசி நாள். இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஈரத் துணிக்கு நடுவில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அப்போது என் மனதில் இருந்தது நல்ல எண்ணம்தான், அதை நம்புங்கள். எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்து, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக்குப் போனேன். தெருவுக்குள் நுழையும்போதே தையல் மிஷின் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு பெரியவர் துணியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். என் நிழல் விழுந்ததும் சத்தம் நின்றது. “யாரும்மா வேணும்?”

ஹேண்ட்பேக்கில் ஆர்டர் இருந்தது. வாயில் அந்த நான்கு வார்த்தைகள் இருந்தன. “சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கமாப் போகணுங்க?” என்று கேட்டேன்.

அவர் மிஷினை விட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே தெருமுனை வரைக்கும் கூட வந்தார். “இப்படியே நேராப் போம்மா, ரோட்டைப் பாத்துத் தாண்டு, ஞாயித்துக்கிழமைல வண்டி கண்ணுமண்ணு தெரியாம வருது” என்றார். தினமும் சத்திரத்தில் ஏறி இறங்குகிற எனக்குக் கண் மங்கியவர் வழி சொல்லி அனுப்பினார். நான் தலையாட்டிவிட்டு நடந்தேன். திங்கட்கிழமை வந்தது, போனது.

அதற்குப் பிறகு அன்வர் இரண்டு மாதம் வந்தார். அவர் எழுத நினைத்த பரீட்சைக்கு அறிவிப்பே வரவில்லை. இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வரும் என்றார்கள். ஒருநாள் அவர் பெஞ்ச் காலியாக இருந்தது. அண்ணனோடு துபாய்க்குப் போய்விட்டதாகப் பொன்மலைக்காரர் ஒருவர் சொன்னார். என்ன வேலை என்று கேட்டேன். ஏதோ குடோனில் என்றார்.

நான் காப்பாற்றிக்கொண்ட வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் மூன்று வருடம் பார்த்தேன். அப்புறம் பிரின்சிபாலுக்கு நெஞ்சுவலி வந்து டூட்டோரியலை மூடினார். அடுத்த முகூர்த்தத்தில் நான் லால்குடியில் இருந்தேன். அத்தை மகன் தங்கமான மனிதர், இன்றைக்கும் என் காபியை என்னைவிட நன்றாகப் போடுகிறார். பயந்து ஓடிய இடத்தில் பயப்பட அப்படி ஒன்றும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. ஆனால் எடமலைப்பட்டி புதூருக்கு வருகிறவரை, இருபத்தைந்து வருடம் காய்கறி வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட, எதற்குப் போனாலும் தாலுகா ஆபீஸ் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். ஜன்னல் ஓரத்தில் ஒரு மேஜை தெரியும். அதில் உட்கார்ந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பதவி உயர்ந்து போனவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், பரீட்சை எழுதிப் பெரிய ஆபீசராகப் போனவர் ஒருவர். உள்ளே போனால் வெளியே வர முடியாது என்று நினைத்தோமே, என் கண் முன்னாலேயே அத்தனை பேர் வந்தார்கள்.

பாத்திரக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடை. மாடியில் ஏதோ கம்ப்யூட்டர் சென்டர், இரும்புக் கதவைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். ஸ்டென்சில் என்றால் மருமகளுக்குக் கோலம் போடும் தகடு. பாலக்கரையில் அந்தத் தெருவுக்குப் போன வருடம் ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். தையல் மிஷின் இருந்த வாசலில் ஏடிஎம் இருக்கிறது. அந்தப் பெரியவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் நினைத்தபடி செவ்வாய்க்கிழமை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சம்பந்திக்குக் கும்பிடும் கையை அனுப்பும் முன், மூன்றாவது பேட்சில் நான் பெய்ய வைத்த பனி அதில் இருக்கிறதா பார்க்கலாம் என்று ஒரு சின்ன அற்ப ஆசை. ‘மேலும் படிக்க’வைத் தொட்டேன்.

பனி இல்லை. அதற்குப் பதில், நான் எந்த வகுப்பிலும் சொல்லாத, எந்த நோட்ஸிலும் வராத நாலு வரி இருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லையாம். காகிதம் மணலில் விழுந்து கிடந்ததாம். பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாளாம், அவள் ஒன்றும் சொல்லவில்லையாம். மறுநாள் அவருக்கு மனம் மாறிவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று பாலத்தடிக்கு இறங்கிப் போய்த் தேடினார். மணல் முழுக்கத் தேடினார். காகிதம் இல்லை. தண்ணீரே இல்லாத ஆறு அதை எடுத்துக்கொண்டது என்றால் அதுதான் தன் வழி என்று புரிந்துகொண்டு, அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சம்பந்திக்குப் போன் போட்டேன். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “நம்ம வாக்கிங் குரூப்ல வந்துச்சுங்க சம்பந்தியம்மா. அவங்களுக்கு வெளிநாட்டுல இருந்து யாரோ. ஏன், கதை புடிச்சிருக்குங்களா?” என்றார். அவர் என்னிடம் இவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை.

“நல்ல கதைங்க” என்றேன்.

பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. நான்காக மடித்த ஒரே ஒரு காகிதம். அதை எடுத்துப் பிரித்தேன். மடிப்புகளில் எழுத்து அழிந்துவிட்டது. பெயரும் விலாசமும் மட்டும் நன்றாகத் தெரிகின்றன.